பரலோகம் என் வீடு என்றால், இங்கே வீடு வாங்கலாமா?

மேலோட்டமாகப் பார்த்தால் இது ஹோம் லோன் பற்றிய கேள்வி. "நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் இருக்கிறது என்று விசுவாசிக்கிற நான், இருபது வருடக் கடன் எடுத்து இங்கே ஒரு வீடு வாங்குவது அவிசுவாசமா? ரயில் வரக் காத்திருக்கிற அறைக்கு யாராவது வெள்ளையடிப்பார்களா என்று எங்கள் பாஸ்டர் கேட்கிறார். ஊரில் தனியாக இருக்கும் அப்பாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வாடகை வீட்டில் இடம் போதவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கீழே, போகிற போக்கில் சொல்வதுபோல இன்னும் இரண்டு வரி. போன வருடம் அம்மா இறந்தபோது, "பரம வீட்டுக்குத்தானே போயிருக்கிறார்கள், அழுதால் சாட்சி கெட்டுப்போகும்" என்று சபையார் சொன்னதால் அழவில்லை. இப்போது சில நாட்களில் நாமும் சீக்கிரம் போய்விட்டால் தேவலை என்று தோன்றுகிறது. எனக்கு இவை மூன்று கேள்விகளாகத் தெரியவில்லை, சகோதரரே. பரலோகம் என் வீடு என்றால், இந்த மண்மேலும் மனிதர்கள்மேலும் என் உயிர்மேலும் பாசம் வைக்க எனக்கு அனுமதி உண்டா என்றுதான் கேட்கிறீர்கள். நான் தென் தமிழ்நாட்டில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன், நடுவில் கொஞ்ச காலம் புதிய ஏற்பாடு கற்பித்தவன். அந்த இடத்திலிருந்துதான் பதில் சொல்ல முடியும்.

நீங்கள் கடைசியில் எழுதிய வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றவை காத்திருக்கலாம். கிறிஸ்துவோடு இருக்க ஏங்குவதும், வாழ்க்கை போதும் என்று ஓய்ந்துபோவதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க எனக்கு ஆசையுண்டு" என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதுகிறார். எழுதிய கையோடு, "நான் சரீரத்தில் தரித்திருப்பது உங்களுக்கு அதிக அவசியம்" என்று சொல்லி, இருந்து அவர்களுக்கு உதவுவேன் என்கிறார். அவருடைய ஏக்கம் அவரை மனிதர்களிடமே திருப்பி அனுப்பியது. எலியா தீர்க்கதரிசியின் கதை வேறு. யேசபேல் ராணிக்குப் பயந்து வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, பரலோகத்தைப் பற்றிப் பாடம் எடுக்கவும் இல்லை. தூங்கவிட்டார். பிறகு தூதன் தட்டி எழுப்ப, தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்துக்கொண்டார். இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிட வைத்த பிறகே ஓரேப் மலைக்கு நடை, அங்கே போனபிறகே பேச்சு.

அதனால் நானும் முதலில் கேட்பது தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றித்தான். இரவில் தூங்குகிறீர்களா? பசிக்கிறதா? வேலையில் மனம் நிற்கிறதா? அம்மா போய் ஒரு வருடம் ஆன பிறகும் இவை சீராகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். ஆயர்களுக்கு ஜெபிக்கவும் கூட உட்காரவும் தெரியும், மனச்சோர்வுக்கு மருந்து எழுதத் தெரியாது. சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிடுவதை எந்தச் சபையும் அவிசுவாசம் என்று சொல்வதில்லை, இதையும் அப்படியே நினையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். "போய்விட்டால் தேவலை" என்ற எண்ணம் உங்களை நீங்களே ஏதாவது செய்துகொள்ளலாமா என்ற பக்கம் திரும்பியிருந்தால், இதை மேலே படிக்காதீர்கள். அந்த எண்ணை அழையுங்கள், பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் இப்போதே சொல்லுங்கள்.

அழுகையைப் பற்றி. உங்களை அழாதே என்று சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் அது வேதத்துக்கு விரோதமான அறிவுரை. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் சாகும்போது வானங்கள் திறந்திருப்பதையும் மனுஷகுமாரன் தேவனுடைய வலதுபாரிசத்தில் நிற்பதையும் கண்ணால் கண்டதாகச் சொன்னவர். அவர் எங்கே போனார் என்பதில் எருசலேம் சபைக்குத் துளியும் ஐயம் இருந்திருக்காது. அப்படியிருந்தும் தேவபக்தியுள்ள மனுஷர் அவரை அடக்கம்பண்ணி "அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்" என்று அப்போஸ்தலர் 8:2 சொல்கிறது. லாசருவை இன்னும் சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். பிலிப்பியர் நிருபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "சாவு எனக்கு ஆதாயம்" என்று முதல் அதிகாரத்தில் எழுதின அதே பவுல், அடுத்த அதிகாரத்தில் தன் உடன்வேலையாள் எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாய் இருந்ததைச் சொல்கிறார். அவன் பிழைத்தது தேவன் தனக்கும் செய்த இரக்கம் என்கிறார், "துக்கத்தின்மேல் துக்கம்" தனக்கு உண்டாகாதபடி. தன் சாவை ஆதாயமாகப் பார்க்க முடிந்தவருக்கு நண்பனுடைய சாவை அப்படித் தாண்டிப்போக முடியவில்லை. 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐத்தான் துக்க வீடுகளில் அழுகையை அடக்க எடுத்து வாசிக்கிறார்கள். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்றுதான் அந்த வசனம் சொல்கிறது. துக்கிக்கவே கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. அடக்க ஆராதனைகளில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கவனித்திருக்கிறேன். குழிக்கரையில் வாய்விட்டு அழுத பிள்ளைகள் நாற்பதாம் நாளுக்குள் ஓரளவு எழுந்து நடமாடத் தொடங்கியிருப்பார்கள். சாட்சிக்காகச் சிரித்த முகத்தோடு நின்றவர்கள் வருடம் கழித்து ஏதோ ஒரு சாதாரணப் பேச்சின் நடுவில் உடைந்துபோவார்கள். உங்கள் அம்மாவுக்காக இன்னும் நீங்கள் அழவில்லை. அழுங்கள். அப்பாவோடு உட்கார்ந்து அழ முடிந்தால் இன்னும் நல்லது.

இனி நீங்கள் எழுதிய அந்த வசனத்துக்கு, பிலிப்பியர் 3:20-க்கு, வருகிறேன். "நம்முடைய குடியிருப்போ பரலோகத்திலிருக்கிறது, அங்கேயிருந்து கர்த்தராயிருக்கிற இயேசுகிறிஸ்து என்னும் இரட்சகர் வர எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறோம்." இதை யாருக்கு எழுதினார் என்று பார்த்தால் பாதித் தெளிவு அங்கேயே கிடைத்துவிடும். மக்கெதோனியாவில் இருந்த பிலிப்பி, ரோமர் குடியேற்றிய பட்டணம். கி.மு. 42-இல் அதன் அருகே நடந்த போரில் அந்தோனியும் ஒக்தாவியனும் ஜெயித்தபின், ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கு அங்கே நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள். பிற்பாடு இத்தாலியிலிருந்தும் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ரோமாபுரியைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட அங்கே ரோமக் குடிமக்கள். கிரேக்கம் பேசும் நாட்டின் நடுவில் அரசாங்கக் கல்வெட்டுகளை லத்தீனில் வெட்டிவைத்தார்கள். பவுலையும் சீலாவையும் பிடித்து இழுத்துப்போனவர்கள் சொன்ன குற்றச்சாட்டே, இவர்கள் "ரோமராகிய நமக்கு" ஒவ்வாத முறைமைகளைப் போதிக்கிறார்கள் என்பதுதான். அந்த ஊரில் நீ ரோமனா இல்லையா என்பது பெரிய விஷயம். சபையிலோ எல்லாரும் இருந்தார்கள். தியத்தீராவிலிருந்து வந்து இரத்தாம்பரம் விற்ற லீதியாள், சிறைச்சாலைக்காரன் குடும்பம், பெரும்பாலும் குடியுரிமையே இல்லாத கிரேக்கர்களும் திராக்கியர்களும் அடிமைகளும். பட்டணத்துப் பதிவேட்டில் பெயருள்ளவனும் இல்லாதவனும் ஒரே பந்தியில் உட்காரும் கூட்டத்தைப் பார்த்துத்தான் பவுல், நம் எல்லாருடைய பெயரும் பதிவாகியிருக்கும் இடம் ஒன்று இருக்கிறது என்கிறார்.

பிலிப்பியில் இருந்த ரோமக் குடியேறி, எப்போது ரோமுக்குத் திரும்புவோம் என்று மூட்டை கட்டிவைத்துக் காத்திருக்கவில்லை. ரோமுக்குரிய வாழ்க்கையை மக்கெதோனியாவில் வாழ்வதற்காகவே அவனை அங்கே வைத்தார்கள். வசனத்தின் பிற்பாதியையும் கவனியுங்கள். நாம் அங்கே போவதைப்பற்றி அந்த வரியில் பேச்சில்லை. அங்கேயிருந்து ஒருவர் இங்கே வருவதைப்பற்றித்தான் பேச்சு. உங்கள் பாஸ்டர் சொன்ன காத்திருப்பு அறை உவமை இந்த இடத்தில்தான் பொருந்தாமல் போகிறது. ரயிலுக்குக் காத்திருப்பவனுக்கு அந்த அறையைப்பற்றி ஒரு பொறுப்பும் கிடையாது. ராஜா வரப்போகிற பட்டணத்தில் குடியிருப்பவனுக்கு நிறையப் பொறுப்பு உண்டு.

இந்த வசனத்தின் அடி எங்கே விழுகிறது என்று பார்க்க இன்னும் சற்றுப் பின்னால் போக வேண்டும். நம் பிரசங்கங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான், எனக்கு மிக முக்கியமாகப் படுவதும் இதுதான். அதே மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தில் பவுல் தன் பிறப்புப் பெருமையைப் பட்டியல் போடுகிறார்: எட்டாம் நாளில் விருத்தசேதனம் அடைந்தவன், இஸ்ரவேல் வம்சத்தான், பென்யமீன் கோத்திரத்தான், எபிரெயரில் பிறந்த எபிரெயன். போட்டுவிட்டு, அதையெல்லாம் குப்பையாக எண்ணுகிறேன் என்கிறார். அதற்குச் சில வசனங்கள் தள்ளித்தான் நம்முடைய குடியிருப்பு பரலோகத்தில் என்ற வரி வருகிறது. வீடு, நிலம், வயல் பற்றி அந்த அதிகாரத்தில் பேச்சே இல்லை. கோத்திரம், வம்சம், ஊர்ப் பெருமை பற்றியும், வயிற்றையே தேவனாக வைத்துக்கொண்டிருப்பவர்களைப் பற்றியும்தான் பேச்சு. அப்படியானால் நம் ஊரில் இந்த வசனம் முதலில் போய்க் கேட்க வேண்டிய கேள்வி, "வீடு வாங்கினாயா?" என்பதாக இருக்க முடியாது. "கிறிஸ்தவ மணமகள் தேவை" என்று விளம்பரம் கொடுத்துவிட்டு அடுத்த வரியில் எதற்குச் சாதிப் பெயர் போட்டாய் என்றுதான் கேட்கும். ஆராதனையில் "பரதேசி நான்" என்று உருகிப் பாடிவிட்டு, சேகரக் கமிட்டி என்ற சபை நிர்வாகக் குழுவின் தேர்தலில் எந்தச் சாதிக்கு எத்தனை ஓட்டு என்று எண்ணுகிறவர்களைக் கேட்கும். தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் பிரித்து வைத்திருக்கும் ஊர்கள் உண்டு, நடுவே சுவர் எழுப்பிய இடமும் உண்டு. உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருக்கும் இடத்தில் சுவர் கட்டியவர்களுக்குப் பரலோகம் வீடு என்ற போதனை இன்னும் காதில் விழவில்லை.

அது காதில் விழுந்த ஒருவரையும் பார்த்திருக்கிறேன். நான் வேலை செய்த ஒரு சேகரத்தில் கட்டட வேலைக்கு வடக்கிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் பச்சைக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. சபை அங்கத்தினர் பதிவேட்டில் பெயர் இல்லாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்க வழி இல்லை என்று கமிட்டியில் ஒரே வாக்குவாதம். தகப்பன் வாசலில் நிற்கிறான், கையில் துணியில் சுற்றிய குழந்தை. அப்போது ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்தார். மனைவியின் கல்லறைக்குப் பக்கத்தில் தனக்காகப் பணம் கட்டி வைத்திருந்த இடத்தைக் கொடுக்கச் சொன்னார். மகன்கள் தடுத்தார்கள். "என்னைய எங்கன வச்சா என்ன ஐயா? எந்திரிக்கிற அன்னைக்கு எல்லாரும் ஒண்ணாத்தான எந்திரிக்கப்போறோம்" என்றார். அன்று சாயங்காலமே அந்தக் குழந்தையை அங்கே அடக்கம் செய்தோம். மனைவிமேல் அவருக்குப் பாசம் குறைவு என்று யாரும் சொல்லிவிட முடியாது, ஞாயிறு தவறாமல் அந்தக் கல்லறைக்குப் போய்வருகிறவர் அவர். பாசம் அப்படியே இருந்தது, பிடி மட்டும் தளர்ந்திருந்தது. பரலோகக் குடிமகன் எப்படி இருப்பான் என்று யாராவது கேட்டால் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வரும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். எபிரெயர் 11 அந்நியரும் பரதேசிகளும் என்று முதன்மையாகச் சுட்டுவது ஆபிரகாமின் குடும்பத்தை. அந்த வார்த்தைகளை ஆபிரகாம் எந்தச் சமயத்தில் சொன்னார் என்று ஆதியாகமம் 23-இல் பாருங்கள். மனைவி சாராள் இறந்துவிட்டாள். அழுது முடித்து எழுந்து ஏத்தின் புத்திரரிடம் போய், "நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியுமாய் இருக்கிறேன்" என்று பேச்சைத் தொடங்குகிறார். எதற்காக? நிலம் வாங்க. எப்பெரோன் இனாமாகத் தருகிறேன் என்று சொல்லியும் ஒத்துக்கொள்ளவில்லை. நானூறு சேக்கல் வெள்ளியை எல்லார் முன்னிலையிலும் நிறுத்துக் கொடுத்தார். நிலம், அதிலுள்ள குகை, நிலத்தின் எல்லைக்குள் நின்ற மரங்கள் எல்லாம் ஊர் வாசலில் கூடியிருந்தவர்கள் சாட்சியாக அவருக்கு உறுதியானது என்று ஒரு கிரயப் பத்திரத்தின் தோரணையில் அந்த அதிகாரம் முடிகிறது. பரதேசி என்று அறிக்கையிட்ட அதே வாயால்தான் ஆபிரகாம் கிரயம் பேசினார்.

எரேமியா இன்னும் ஒரு படி மேலே. பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கிறது, அவரோ காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார், பட்டணம் விழப்போகிறது என்று சொன்னவரும் அவரே. அந்த நேரத்தில் ஆனதோத்தில் இருந்த நிலத்தைப் பெரிய தகப்பன் மகனிடமிருந்து பதினேழு சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். பத்திரத்தில் கையெழுத்து, முத்திரை, சாட்சிகள், பிறகு நெடுநாள் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கும்படி தன் எழுத்தர் பாருக்குக்குக் கட்டளை. இந்தத் தேசத்தில் திரும்பவும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்று கர்த்தர் சொன்னதை நம்பிப் போட்ட கையெழுத்து அது. அவரே முன்பு பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு எழுதிய கடிதமும் உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில். அவர்களுடைய உண்மையான ஊர் எருசலேம், அதில் மாற்றமில்லை. இரண்டு வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று அனனியா தீர்க்கதரிசனம் சொல்லிக்கொண்டிருந்தான். எரேமியாவோ, எழுபது வருடம் ஆகும், ஆகவே "வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள்" என்று எழுதினார். சிறைப்பட்டுப்போன அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடவும் அதற்காக ஜெபிக்கவும் சொன்னார். இதில் பொய்த் தீர்க்கதரிசி எந்தப் பக்கம் நின்றான் என்று பாருங்கள்.

நம் ஊர்ப் பக்கத்தில் இதற்கு ஒரு சரித்திரச் சாட்சியே உண்டு. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களானதால் சொந்த ஊரில் இருக்க முடியாமல்போனவர்களுக்காக, தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் 1799-இல் சாத்தான்குளம் பக்கம் நிலம் வாங்கி ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார். அதுதான் முதலூர். அதைத் தொடர்ந்து அந்தச் செம்மண் தேரிப் பக்கத்தில் நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று ஊர்கள் எழும்பின. விசுவாசத்துக்காக வீட்டை இழந்த முதல் தலைமுறை அது. மேலே ஒரு வீடு இருக்கிறது என்பதில் நம்மைவிட அவர்களுக்கு உறுதி அதிகமாகவே இருந்திருக்கும். இருந்தும் நிலம் வாங்கினார்கள், குடியேறினார்கள், கோவிலோடு பள்ளிக்கூடமும் கட்டினார்கள். அந்த ஊர்களும் பெரும்பாலும் ஒரே சாதியின் ஊர்களாக வளர்ந்தன என்பதையும் மறைக்கக்கூடாது. மேலே சொன்ன பிலிப்பியர் மூன்றாம் அதிகாரம் அங்கேயும் பாக்கி இருக்கிறது.

வீடு வாங்கலாம் என்பதோடு நிறுத்திவிட்டால் பாதிதான் சொன்னவனாவேன். உங்கள் பாஸ்டர் பயப்படுகிற ஆபத்து நிஜமானது. களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டம் போட்டவனை, இயேசு சொன்ன உவமையில் தேவன் மதிகேடன் என்கிறார். அவன் திருடவில்லை, விளைச்சல் அவனுடைய நிலத்தில் விளைந்ததுதான். அவன் பேச்சு முழுக்க என் தானியம், என் பொருள், என் ஆத்துமா என்றே போகிறது, வேறு ஒரு மனிதன் அதில் வரவே இல்லை. இதற்கு நேர் எதிரானவர்களை எபிரெயர் 10:34-இல் பார்க்கலாம். சிறையில் இருந்த விசுவாசிகளுக்காகப் பரிதபித்தார்கள், தங்கள் ஆஸ்திகள் கொள்ளையிடப்பட்டபோது சந்தோஷமாய் விட்டுக்கொடுத்தார்கள். காரணம், பரலோகத்தில் மேன்மையும் நிலையுமான சுதந்தரம் உண்டென்று அறிந்திருந்தார்கள். கொள்ளையிட அவர்களிடம் ஆஸ்தி இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஆஸ்தியைவிடச் சிறையில் இருந்த சகோதரன் பெரியவனாகத் தெரிந்தான் என்பதையும் கவனியுங்கள். "நிலையான நகரம் நமக்கு இங்கே இல்லை" என்று அதே நிருபம் 13-ஆம் அதிகாரத்தில் சொல்கிறதே, அந்த வரியைச் சுற்றி இருப்பது முழுக்க அந்நியரை உபசரியுங்கள், கட்டப்பட்டிருக்கிறவர்களை நினையுங்கள், பண ஆசை வேண்டாம், நன்மை செய்யவும் தானதர்மம் பண்ணவும் மறவாதிருங்கள் என்பவைதான்.

ஆகவே கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் என்னிடம் வருகிறவர்களை இப்படித்தான் கேட்பேன். இந்தத் தவணை கட்ட ஆரம்பித்த பிறகும் உங்களால் கொடுக்க முடியுமா? ஒரு தவணை தவறினால் இரவுத் தூக்கம் போய்விடுமா? வேலையிடத்தில் ஒரு பொய்க்கணக்கில் கையெழுத்துக் கேட்டால், கடன் இருக்கிறதே என்று போட்டுவிடுவீர்களா, மாட்டேன் என்று சொல்ல இடம் இருக்குமா? நான் பார்த்தவரை ஜனங்களைக் கெடுத்தது பெரும்பாலும் வீடாக இருந்ததில்லை. சக்திக்கு மீறின கடனும், பக்கத்து வீட்டுக்காரரைவிட ஒரு மாடி கூடுதலாக வேண்டும் என்ற வெறியும்தான் கெடுத்தன. நீங்கள் வாங்க நினைப்பது அப்பாவுக்கு ஓர் அறை கிடைப்பதற்காக என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோரைத் தாங்குவதை 1 தீமோத்தேயு 5 நேரடியாகவே கட்டளையாகச் சொல்கிறது, தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்கிறது. உங்கள் சம்பளம், சேமிப்பு, வேலையின் உறுதி எதுவும் எனக்குத் தெரியாது, அதனால் வாங்குங்கள் என்றோ பொறுங்கள் என்றோ சொல்ல மாட்டேன். வாங்கினால் அது அவிசுவாசம் ஆகாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். வாடகை வீட்டிலேயே இன்னும் ஓர் அறை கூடுதலாகப் பார்த்துப் போவது உங்களுக்கு ஏற்றது என்றால் அதுவும் அதே அளவு நல்ல முடிவு.

பரலோகத்தைப் பற்றி எது நிச்சயம், எது சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உள்ளது என்பதையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே குரலில் பேசுவதால்தான் இத்தனை குழப்பம். கிறிஸ்து உயிர்த்தெழுந்தார், திரும்ப வருவார், மரித்தவர்கள் சரீரத்தோடு எழும்புவார்கள், இது எல்லாச் சபைகளும் விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுவது. அவரை விசுவாசித்து மரிக்கிறவர்கள் அவருடைய கையை விட்டுப்போவதில்லை என்பதும் அப்படியே. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று கள்ளனிடம் சொன்னார். உங்கள் அம்மாவைப் பற்றி நீங்கள் சாய்ந்துகொள்ளக்கூடிய வசனம் அது. மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே அவர்கள் நிலை எப்படி, நம்மைப் பார்க்கிறார்களா, நமக்காக ஜெபிக்கிறார்களா என்பதில் கத்தோலிக்கரும் நாங்களும் வேறுபடுகிறோம், அட்வென்டிஸ்டுகள் நித்திரை என்றே போதிக்கிறார்கள். இப்போதிருக்கும் பூமி எரிந்து அழிந்து புதிதாக ஒன்று வருமா, இதுவே புதுப்பிக்கப்படுமா என்பதிலும் இரு பக்கம் உண்டு. 2 பேதுரு 3:10-ஐ ஒரு சாரார் பிடித்துக்கொள்வார்கள், சிருஷ்டி அழிவுக்குரிய அடிமைத்தனத்தினின்று விடுதலையாக்கப்படும் என்ற ரோமர் 8:21-ஐ இன்னொரு சாரார். நான் இரண்டாவது பக்கம் சாய்கிறவன். வெளிப்படுத்தல் 21-இல் புதிய எருசலேம் மேலேயிருந்து இறங்கி வருகிறது, மனுஷரிடத்தில் தேவனுடைய வாசஸ்தலம் என்ற சத்தம் கேட்கிறது, பூமியின் ராஜாக்கள் தங்கள் மகிமையை அதற்குள் கொண்டுவருகிறார்கள். ஆனாலும் இதில் என்னோடு ஒத்துப்போகாத தேவபக்தியுள்ளவர்கள் அநேகர், இதை வைத்து யாரையும் நான் தள்ளமாட்டேன். வருகை எப்போது என்பதிலோ கருத்துச் சொல்லவே யாருக்கும் அதிகாரமில்லை. 1844 அக்டோபர் 22 என்று அமெரிக்காவில் நாள் குறித்தார்கள், அதை நம்பி விளைந்த வயலை அறுக்காமல் விட்ட குடியானவர்களும் இருந்தார்கள். மறுநாளும் விடிந்தது. தெசலோனிக்கே சபையில் வேலைசெய்யாமல் திரிந்தவர்களுக்குத்தான் (வருகையைச் சொல்லியே வேலையை விட்டார்கள் என்று பலர் கருதுகிறார்கள்), வேலைசெய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று பவுல் எழுதினார்.

உயிர்த்தெழுதலைப் பற்றி அவர் எழுதிய நீண்ட அதிகாரம் 1 கொரிந்தியர் 15. அது எப்படி முடிகிறது தெரியுமா? மரணமே உன் கூர் எங்கே என்று கேட்டு, உச்சத்துக்குப் போய், உடனே "கர்த்தருக்குள் நீங்கள் படுகிற பிரயாசம் விருதாவாயிராது" என்று இறங்குகிறது. அடுத்த வசனத்தைத் திருப்பினால் எருசலேமின் ஏழைகளுக்கான தர்மப்பணத்தை வாரத்தின் முதல்நாள்தோறும் எப்படிச் சேர்த்துவைப்பது என்ற கணக்கு. பரலோக நம்பிக்கை பவுலைக் கொண்டுபோய்விட்ட இடம் அந்தக் கணக்குதான்.

உங்கள் பாஸ்டரோடு இதை வைத்து வாதாட வேண்டாம் என்பது என் ஆலோசனை. பூமிக்கடுத்தவைகளில் ஜனங்கள் மூழ்கிப்போவதைப் பார்த்து வேதனைப்பட்டுத்தான் அந்த உவமையைச் சொல்லியிருப்பார். பிரதரன் அல்லது பெந்தெகொஸ்தே சபை மூப்பர் ஒருவர் இதே கேள்விக்கு என்னைவிட அழுத்தமாக விலகியிருத்தலைப் பற்றிப் பேசுவார். அவர்கள் பக்கத்திலும் எளிமையாக வாழ்ந்து காட்டிய பெரியவர்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி, பிலிப்பியர் நிருபத்தை முதல் வசனத்திலிருந்து கடைசி வசனம்வரை ஒரே மூச்சில் வாசியுங்கள், நான்கே அதிகாரம்தான். அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாக வாசித்தால் இன்னும் நல்லது. இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து வரும் இடத்தில் நிறுத்தி அம்மாவைப் பற்றிப் பேசுங்கள். மருத்துவரைப் பார்த்துவிட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். வீட்டு விஷயம் அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.